அக்காவின் கை நின்ற இடம்

அம்மா ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விமானம் ஏறி அடிலெய்டு வந்தது ஒரே ஒரு கேள்விக்காகத்தான். அக்கா கடைசியாக வரைந்த படத்தில் அவள் கை எந்த இடத்தில் நின்றது? அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். திறப்பு விழா, பேச்சு, குச்சியில் குத்திய பாலாடைக்கட்டி, இது எதுவும் அவளுக்கு வேண்டாம்.

படம் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக கேலரியில் தொங்குகிறது. அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிகளான நாங்கள் செத்தவர் பெயரைச் சொல்வதில்லை. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டின் மேல் பழுப்பு டேப்பை நானே இழுத்து ஒட்டினேன். கேலரித் தலைவி இமோஜன் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது தற்காலிகமாத்தானே, லியோனி?"

"சாவு தற்காலிகம்னா இதுவும் தற்காலிகம்தான்."

அதையும் அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் தும்மினாலும் எழுதிக்கொள்வாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்தக் கேலரியில் சம்பளம் வாங்கும் முதல் கறுப்பு ஆளும் நான்தான். அதனால் என் வாயிலிருந்து வருவதெல்லாம் அவளுக்கு ஞானம். எனக்கு அது எரிச்சல்.

அம்மாவின் கேள்விக்குக் காரணம் அக்காவின் போன்தான். எங்கள் ஊரிலிருந்து ஆலிஸ் முந்நூறு கிலோமீட்டர். சிறுநீரகம் போனவர்கள் ஊரில் இருக்க முடியாது; வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் நாற்காலியில் உட்கார வேண்டும், நாற்காலி ஆலிஸில் இருக்கிறது. அக்காவும் டெஸ்மண்ட் அத்தானும் மூன்று வருஷம் அங்கே ஒரு விடுதியில் கிடந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் அம்மாவுக்குப் போன் செய்வாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பேச்சு. "நல்லா இருக்கேம்மா. தினமும் வரையறேன். கை நிக்கவே இல்ல." கடைசி ஞாயிறும் அதையேதான் சொன்னாள். புதன்கிழமை போய்விட்டாள்.

நிற்கவே நிற்காத கை. அது எங்கேயோ நின்றிருக்க வேண்டுமே. அம்மாவுக்கு அந்த இடம் வேண்டும்.

அவளை அழைத்து வருவது லேசான வேலை இல்லை. முதல் சிக்கல், அம்மா பேசமாட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் துக்கம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. கையால் மட்டும்தான் பேச்சு. கையால்தானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் அம்மா கையால் திட்டினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

இரண்டாவது சிக்கல் அத்தான். மாமியாரும் மருமகனும் ஒருவர் கண்ணில் ஒருவர் படக் கூடாது. பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. இது பகை இல்லை, மரியாதை. பதினெட்டு வருஷமாக அத்தான் கங்காரு அடித்தால் வாலும் தொடையும் முதலில் அம்மா வீட்டுக்குத்தான் வரும். யாராவது ஒரு பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவார். அம்மா அவருக்குப் போர்வை அனுப்புவாள், டீத்தூள் அனுப்புவாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகம் இரண்டு பேரையும் அழைத்துவிட்டது. நான் இமோஜனுக்கு மூன்று தடவை எழுதினேன். அம்மாவும் அத்தையும் காலை பத்து மணி. டெஸ்மண்ட் மதியம் இரண்டு மணி. வேறு வேறு விடுதி, வேறு வேறு டாக்ஸி. நாலு மணி விழாவுக்கு இரண்டு பேருமே இருக்கமாட்டார்கள். மூன்றாவது கடிதத்தில் எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டேன்.

அம்மாவோடு வந்தது மாவிஸ் அத்தை, அப்பாவின் தங்கை. அம்மா பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசக்கூடியவள். டாக்ஸியில் ஏறினதுமே ஆரம்பித்தாள்.

"என்னடி இது காலுல? மூக்கு நீண்ட செருப்பு! பல்லிக்குப் போட்ட மாதிரி."

"வேலைக்குப் போடறது, அத்தை."

"வேலை! அவங்க அவங்க படத்த அவங்க அவங்க பார்த்துக்கிட்டுப் போறாங்க. நீ நடுவுல நின்னு என்ன பண்ற? தொடாத, தொடாதன்னு சொல்ற. அதுக்கு நாலு வருஷம் படிப்பு."

அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவள் என் முழங்காலைத் தட்டினாள். விரல்களை விரித்து மணிக்கட்டைத் திருப்பினாள். எங்கே என்று கேட்கும் கை. பிறகு அக்காவைக் குறிக்கும் கை. பிறகு குச்சியால் புள்ளி வைப்பதுபோல இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கை கவிழ்ந்து தொடைமேல் அசையாமல் நின்றது.

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். யாரிடம் கேட்பது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயரை அவள் எதிரில் எடுக்க முடியாது.

பல்கலைக்கழக வாசலில் இறங்கிப் புல்வெளியைக் கடந்தோம். கேலரியின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வருகிறவர்களுக்குக் கதவு ஒன்றே ஒன்று. அந்தக் கதவுக்கு முன்னால், அகன்ற தொப்பியும் இஸ்திரி போட்ட புதுச் சட்டையுமாக, டெஸ்மண்ட் அத்தான் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இமோஜன். அவளுக்குப் பக்கத்தில் கேமராவோடு ஒருவன்.

அத்தைதான் முதலில் பார்த்தாள். "ஏய்!" என்று போட்ட சத்தத்தில் மரத்துப் பறவைகள் கிளம்பிவிட்டன. "ஏய், மடையா! திரும்புடா! திரும்பு! யாரு வராங்க பாரு!"

அம்மா அந்தக் கணமே முகத்தைத் திருப்பித் தலைத்துண்டைக் கண்வரை இழுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பெரிய அத்தி மரத்துக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது, முட்டிவலி. அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அத்தான் ஓடினார். புல்வெளிப் பக்கம் ஓடியிருக்கலாம், தெருப்பக்கம் ஓடியிருக்கலாம். பதற்றத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு கேலரிக்குள்ளேயே ஓடிவிட்டார். அம்மா போக வேண்டிய ஒரே இடத்துக்குள்.

இமோஜன் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"லியோனி, என் தப்புதான். போட்டோகிராபருக்குக் காலையிலதான் நேரம் இருந்துச்சு. அம்மா, மருமகன், நடுவுல அந்தப் படம்… எவ்வளவு அழகா இருக்கும்னு தோணுச்சு."

"மூணு தடவை எழுதினேன்."

"படிச்சேன். ஆனா ஹால் பெருசுதானே. அவங்க ஒரு மூலை, இவர் ஒரு மூலைன்னு…"

"உங்க வீட்டுக் கழிப்பறைகூடப் பெருசுதான். நானும் நீங்களும் ஆளுக்கொரு மூலைல உக்காரலாமா?"

அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் போனேன். மரத்தின் வேருக்கு நடுவே கேலரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. வெட்கம் அவள் கழுத்துவரை தெரிந்தது. அத்தை அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே மூன்று தலைமுறை வெள்ளைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர வெளிய அனுப்பிட்டு உன்னக் கூட்டிட்டுப் போறேம்மா" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். பிறகு மறுபடியும் அதே கை. எங்கே? மணிக்கட்டு திரும்பியது திரும்பியபடி நின்றது. கேட்டுவிட்டு வா என்று அர்த்தம்.

உள்ளே ஹாலில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்குத் தெரியாதபடி நடுச்சுவருக்குப் பின்னால் அத்தான் ஒட்டிக்கொண்டு நின்றார். அக்காவின் படம் அந்தச் சுவரில்தான் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு கை விரித்தாலும் எட்டாத அகலம். எங்கள் அப்பாவின் நிலம். தண்ணீர் நிற்கும் பாறைக்குழிகள் ஒன்பது, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும் தடம், இடையில் வெள்ளையும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாகப் பல்லாயிரம் புள்ளி.

"என்ன மச்சினி, உங்க ஆபீஸ்ல ஒரு பின்வாசல்கூட வைக்கலயா?" என்றார். தொப்பி கையில் இருந்தது. "அவங்க என்னப் பார்த்துட்டாங்களா?"

"முதுகுதான் பார்த்திருப்பாங்க."

"முதுகு நல்லாத்தான் இருந்திருக்கும். புதுச் சட்டை." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "செத்தேன் போ. ஊருக்குப் போனா என் பெரியப்பன் ஈட்டியத் தூக்கிடுவான்."

எங்களுக்குள் கேலி எப்போதும் உண்டு. அக்காவின் புருஷன்; கேலி பேசாவிட்டால்தான் ஊரில் சந்தேகப்படுவார்கள். ஆனால் அன்று எனக்கு நேரம் இல்லை.

"அத்தான், அம்மா ஒண்ணு கேக்கறாங்க. அக்கா கை எங்க நின்னுச்சு?"

அவர் முகம் இறுகிப்போனது.

"அவ வரைஞ்சு முடிச்சிட்டான்னு சொல்லு."

"முடிக்கலன்னு எல்லாருக்கும் தெரியும். மிச்சத்த நீங்கதான் வச்சீங்கன்னு ஆலிஸ் ஓவியக் கூடத்துலயே சொன்னாங்க. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சுன்னாங்க."

"கொஞ்சம்."

"எங்கன்னு காட்டுங்க. போதும். அந்த இடத்தப் பார்க்கத்தான் வந்திருக்காங்க. நாளைக்குக் காலைல விமானம். இங்க முடிஞ்சதும் படத்த ரெண்டு வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. அம்மா சர்க்கரை எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்."

அத்தான் படத்தின் பக்கம் திரும்பினார். அப்புறம் மேலே, வலது மூலையைக் காட்டினார். கடைசிப் பாறைக்குழிக்கும் மேலே.

"அங்க. அந்த வெள்ளை முடியற இடம். அதுவரைக்கும் அவதான்னு சொல்லு."

"நெஜமா?"

"நீ அதைச் சொல்லு."

"அத்தான், நான் இங்க தினமும் இந்தப் படத்துக்கு முன்னால நிக்கறேன். எந்த இடத்துல கை மாறுதுன்னு தேடித் தேடிப் பார்த்திருக்கேன். என்னால கண்டுபிடிக்க முடியல. நெஜத்தச் சொல்லுங்க."

அவர் குந்தி உட்கார்ந்தார். கீழே, இடது மூலை. முதல் பாறைக்குழியின் வெளி வளையத்துக்குப் பக்கத்தில் தன் கையைக் கவிழ்த்துக் காட்டினார். படத்தைத் தொடவில்லை, ஒரு விரல் கனம் தள்ளி.

"இது" என்றார்.

"இதுலேர்ந்தா?"

"இதோட."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு கையளவு. அவ்வளவு பெரிய படத்தில் ஒரு கை மறைக்கும் இடம்.

"கண்ணு போயிடுச்சு" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. "படத்த ஆரம்பிச்ச மொத ரெண்டு மாசத்துலயே. எல்லாம் புகை மாதிரி தெரியுதுன்னா. அம்மாகிட்ட சொல்லாதன்னா. உங்கிட்டயும் சொல்லாதன்னா, நீ பரீச்சைய விட்டுட்டு ஓடி வந்துடுவன்னு. போன்ல தினமும் வரையறேன், தினமும் வரையறேன்னு சொல்லிட்டு, வச்சதும் அழுவா. பொய்யாப் போச்சே, பொய்யாப் போச்சேன்னு. அப்புறம் ஒரு நாள், நீ வைன்னா. நான் குச்சியப் பிடிச்சதே இல்ல மச்சினி. மாடு பிடிச்ச கை இது. ரெண்டு வாரம் பழைய அட்டைப்பெட்டி மேல பழகினேன். விரலால தடவிப் பார்ப்பா. இது தடியா இருக்கு, இது பூனை மூத்திரம் மாதிரி வழியுதுன்னு திட்டுவா. அவ புள்ளி வச்சுட்டுக் கொஞ்சம் இடது பக்கம் இழுத்து எடுப்பா, தெரியுமா? ஒரு சின்ன வால் விழும். அது வர எனக்கு ஒரு மாசம்."

"அக்கா சொல்லச் சொல்ல நீங்க வச்சீங்க."

"எந்தக் குழிலேர்ந்து எந்தக் குழிக்கு, எத்தனை வரிசை, எங்க மஞ்சள். ஒண்ணரை வருஷமா எல்லாம் அவ வாய்தான். நாற்காலில படுத்துக்கிட்டே சொல்லுவா. போன மாசத்துக்கு…" மாதக் கணக்கு அவருக்குக் குழம்பியது. "கடைசிப் புதன்கிழமையும் சொன்னா. மேல வெள்ளை போடுன்னு. அதான் அந்த மூலை. அதுவரைக்கும் அவதான்னு நான் சொன்னது பொய் இல்ல."

என் பட்டமளிப்பு அன்று அக்கா போனில் "கறுப்பு அங்கி போட்டு எப்படி இருக்க, காக்கா மாதிரி இருக்கியா?" என்று சிரித்தாள். போட்டோ அனுப்பினேன். "ஆமா, காக்காதான்" என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கண்ணே தெரியாது.

"அவங்களுக்கு மேல் மூலையக் காட்டு" என்றார் அத்தான். "கெஞ்சிக் கேக்கறேன். தினமும் வரையறேன்னு அம்மாகிட்ட சொன்னா. அது நெஜமாகட்டும்."

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டினதை ஒத்துக்கொள்கிறேன்.

படங்களை லாரியில் ஏற்றும் பின்வாசல் ஒன்று உண்டு. அதன் இரும்புக் கதவைத் தூக்கி அவரை வெளியே விட்டேன். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னேன். பிறகு போட்டோகிராபரைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். இமோஜன் அனுப்பிவிட்டாள். அந்த ஒரு நன்றி அவளுக்கு உண்டு.

அம்மா உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டாள். மற்றப் படங்கள் எதையும் பார்க்கவில்லை. நடுச்சுவரைச் சுற்றி வந்ததும் நின்றாள்.

அவள் தோள் இறங்குவதைப் பார்த்தேன். எட்டு மாதமாகக் காதுக்கருகில் ஏறி நின்ற தோள். அருகில் போனாள், பின்னால் வந்தாள். உதடு அசையாமல் விரல் மட்டும் காற்றில் ஒவ்வொரு பாறைக்குழியாகத் தொட்டது. ஒன்று, அங்கிருந்து இரண்டு, வளைந்து மூன்று. புருஷன் நிலம், நடந்து நடந்து அவளுக்குக் காலில் இருக்கும் நிலம். நாலாவதில் அத்தையைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னாள். அத்தை குபீரென்று சிரித்தாள்.

"என்ன?" என்றேன்.

"இந்தக் குழிலதான் உங்கப்பன் வழுக்கி விழுந்து, ஒட்டுத்துணி இல்லாம வீட்டுக்கு வந்தானாம். அதுக்கு இவ்வளவு அழகா வெள்ளை போட்டிருக்காளேங்கறா."

அம்மாவின் முகத்தில் அது இருந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்பு வந்துபோகும் வழி திறந்திருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. ஒன்பதாவதுவரை போனாள். முழுப் படத்தையும் பார்த்தாள். அப்படியே விட்டிருக்கலாம்.

அவள் என் பக்கம் திரும்பிக் கையை விரித்து மணிக்கட்டைத் திருப்பினாள்.

மேல் மூலையைக் காட்டத்தான் கையைத் தூக்கினேன். சத்தியமாக. தூக்கின கை பாதியில் நின்றது. என் மண்டைக்குள் ஒரே இரைச்சல். டாக்டர்கள் அம்மாவிடம் "முன்னேற்றம் இருக்கு" என்று பொய் சொன்னார்கள். விடுதிக்காரி "நேத்துக்கூட நல்லாச் சாப்பிட்டா" என்று பொய் சொன்னாள். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் பொய் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். எல்லாரும் எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளாளுக்கு ஒரு பொய்யை ஊட்டுகிறார்கள். ஒருத்தியாவது இவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா? நான் படித்ததே அதற்குத்தான் என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன்.

முட்டி போட்டேன். கீழ் இடது மூலையை இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினேன்.

"இவ்வளவுதாம்மா. இதோட நின்னுடுச்சு. கண்ணு தெரியாமப் போயிடுச்சாம்."

அம்மா என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். அந்த இடத்துக்கு எதிரே தன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தாள். உள்ளங்கை சரியாக மூடியது. அவள் கையை எடுத்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள், அவற்றின் வால்களைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஆமாம், இவள்தான்.

அப்புறம் கையைப் படத்தின் மற்ற இடம் முழுக்க வீசினாள். மணிக்கட்டைத் திருப்பினாள். யார்?

அத்தை "லியோனி" என்றாள். குரலில் எச்சரிக்கை இருந்தது. எனக்குக் கேட்டது. கேட்டும் என் கை மருமகனுக்கான சைகையைச் செய்துவிட்டது.

அம்மாவின் இடது கை சட்டென்று எழுந்தது. வண்டிக்குதிரைக்குக் கண்ணருகில் மறைப்பு கட்டுவார்களே, அதுபோலக் கன்னத்தோடு ஒட்டிக் கையை நிறுத்தி மறைத்துக்கொண்டாள். தலை குனிந்தது. துண்டு முன்னால் வந்தது. ஒன்பது பாறைக்குழியும், தடமும், அப்பா வழுக்கி விழுந்த இடமும், எல்லாம் அந்தக் கைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவளுக்கு மிச்சம் இருந்தது கீழ் மூலையில் ஒரு கையளவு.

"அம்மா, சொன்னதெல்லாம் அக்காதான். அவங்க வாயால சொல்லச் சொல்லத்தான் இவர் வச்சாரு. வாய் அக்காவோடது. அம்மா, கேளு…"

கேட்டாள். தலையை ஆட்டினாள். கை இறங்கவில்லை.

மருமகன் கை பட்ட படத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா? தெரியாது. அத்தையிடம் பிறகு கேட்டேன், அவளுக்கும் தெரியாது. ஒருவேளை இல்லை. ஊரில் வேறு யாராவது பார்த்திருக்கக்கூடும். ஆனால் ஒருத்தன் ஒன்றரை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்திருக்கிறான். அதற்கு எதிரே நின்று பார்ப்பது அவன் முகத்தைப் பார்ப்பதுதான். அம்மாவுக்கு அப்படித்தான் பட்டது. காலையில் ஒரு தடவை மரியாதை கெட்டுப்போனவள், இரண்டாவது தடவை கெடமாட்டாள்.

அத்தை என் தோளைப் பிடித்து எழுப்பினாள். ஹாலின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏண்டி, அவ்வளவு படிச்சியே. ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியலயா உனக்கு?"

"அம்மா கேட்டாங்க, அத்தை."

"கேட்டா? பசிக்குதுன்னு புள்ள கேட்டா கல்ல எடுத்துக் குடுப்பியா, வீட்டுல அதுதான் இருக்குன்னு? முழுசாப் பார்த்தாளேடி. சிரிச்சாளேடி."

அத்தை திட்டினால் பதிலுக்கு நான் நாலு சொல்வேன். அன்று என் மூக்கு நீண்ட செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா நாற்பது நிமிஷம் அப்படியே இருந்தாள். முட்டி மடக்கி, முகத்தைச் சுவருக்குக் கிட்டே கொண்டுபோய், இடது கை கன்னத்தில், வலது கை மடியில். இமோஜன் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "அவங்களுக்கு நாற்காலி…?" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மடியில் இருந்த வலது கை அவ்வப்போது அசைந்தது. அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அது எனக்கான பேச்சு இல்லை என்பதால் நான் பார்க்கவில்லை.

எழுந்தபோதும் அந்தக் கை இறங்கவில்லை. மறைத்தபடியே சுவரைத் தாண்டி, வாசல்வரை போய், செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் இறக்கினாள். என் கன்னத்தைத் தொட்டாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையைத் திறந்து அலுமினியத் தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஊரிலிருந்து சுட்டு எடுத்து வந்த கங்காரு வால். யாருக்கு என்று கை சொல்லவில்லை. பின்பக்கம் தாடையை அசைத்தாள், அவ்வளவுதான். அத்தையும் அவளும் டாக்ஸியில் ஏறிப் போனார்கள்.

அத்தான் சைக்கிள்களுக்குப் பின்னால் தொப்பியை முட்டியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரிக்காமல் மோந்து பார்த்தார்.

"வாலா?"

"ம்."

"அப்போ கோபம் இல்ல." பெரிய மூச்சு விட்டார். "உள்ள ரொம்ப நேரம் இருந்தாங்க போல."

"நாப்பது நிமிஷம்."

"நாப்பது நிமிஷமா!" கையில் பொட்டலத்தோடு எழுந்து நின்றுவிட்டார். "நாப்பது நிமிஷம் அதையே பார்த்தாங்களா?"

"அந்த இடத்தையே பார்த்தாங்க."

"அழுதாங்களா?"

"இல்ல. முழுசும் பார்த்தாங்க. நாலாவது குழியப் பார்த்து அத்தைகிட்ட ஏதோ சொல்லிச் சிரிக்க வச்சாங்க."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 

"சிரிச்சாங்களா?" அத்தானின் முகம் மலர்ந்தது. அவர் இப்படிச் சிரித்து மூன்று வருஷம் இருக்கும். முன்பல் ஒன்று இல்லை என்பதையே நான் மறந்திருந்தேன். "எங்க நின்னு பார்த்தாங்க, மச்சினி? எனக்குக் காட்டு. இப்போ அவங்கதான் போயிட்டாங்களே."

பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவர் படத்துக்கு முன்னால் போய், தொப்பியை நெஞ்சில் வைத்து, தலையை நிமிர்த்தி மேல் வலது மூலையைப் பார்த்தார். கடைசிப் புதன்கிழமை போட்ட வெள்ளை.

"இங்கதானே?" என்றார். "இங்க நின்னுதானே?"

அவர் கால் நின்ற இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி, இடது பக்கம், தரையில் அம்மாவின் முட்டி பட்ட இடம் மங்கலாக இன்னும் தெரிந்தது. ஊர்ச் செம்மண் அவள் பாவாடையில் எப்போதும் இருக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா, அத்தான்" என்றேன்.